தாதிமை டிப்ளோமா: 'அங்கீகாரம் இருக்கிறது' என்று ஏஜெண்டு சொன்னால் போதுமா?

சிப்புட் அம்மா | சனி, இரவு 9.12

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். மூத்த மகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே நர்ஸாக வேண்டும் என்பதுதான் அவள் பேச்சு. அவள் பாட்டி தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். அந்தக் கை இவளுக்கும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு தனியார் கல்லூரியின் ஏஜெண்டு மேசை போட்டிருந்தார். மூன்று வருட தாதிமை டிப்ளோமா, கடன் கிடைக்கும், தங்குமிடம் உண்டு, எம்.க்யூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறது என்றார். இந்த வாரத்துக்குள் 500 வெள்ளி கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். மகள் சந்தோஷமாக இருக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அங்கீகாரம் என்றால் யார், எப்படிப் பார்த்துக் கொடுப்பது? ஒருமுறை கொடுத்தால் அப்படியே இருக்குமா, அப்புறம் யாராவது வந்து பார்க்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விரிவுரை மேசை | சனி, இரவு 9.50

அக்கா, 500 வெள்ளியை இப்போது கட்டாதீர்கள். முதலில் அந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து, பாடத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதாவது எண் போட்டிருக்கிறதா பாருங்கள். சாய்கோடு, அடைப்புக்குறி எல்லாம் கலந்து இருக்கும். அதை இங்கே போடுங்கள்.

நான் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் பத்து வருடத்துக்கு மேல் பாடம் எடுக்கிறேன். தாதிமைத் துறை அல்ல, ஆனால் இந்த அங்கீகார வேலையில் நிறைய இரவுகள் விழித்திருக்கிறேன்.

சிப்புட் அம்மா | சனி, இரவு 10.05

இருக்கிறது தம்பி. என் என்ற எழுத்து, சாய்கோடு, 723, சாய்கோடு, 4, பிறகு நான்கு இலக்கம். அடைப்புக்குள் எம்.க்யூ.ஏ., சாய்கோடு, பி.ஏ., அப்புறம் ஓர் எண். கடைசியில் மாதமும் வருடமும். மகள்தான் படித்துச் சொன்னாள்.

விரிவுரை மேசை | சனி, இரவு 10.41

இந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

'என்' என்றால் புதிதாக அனுமதி பெற்ற பாடம். பழையதைப் புதுப்பித்திருந்தால் 'ஆர்' இருக்கும். 723 தாதிமைத் துறையின் எண். 4 என்றால் டிப்ளோமா நிலை. நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் மொத்தம் 8 நிலைகள்: 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா, 6 இளங்கலை, 7 முதுகலை, 8 முனைவர். கடைசியில் இருக்கும் மாதம், வருடம் உயர்கல்வி அமைச்சு கொடுத்த அனுமதி முடியும் காலம்.

அடைப்புக்குள் இருக்கும் பி.ஏ.தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அது தற்காலிக அங்கீகாரம். மலாயில் அக்ரெடிட்டாசி செமெந்தாரா என்பார்கள். முழு அங்கீகாரம் என்றால் எஃப்.ஏ. இருக்கும், பழைய பாடங்களில் வெறும் ஏ. இருக்கும். ஏஜெண்டு சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுதாகவும் சொல்லவில்லை.

தற்காலிகம் என்றதும் பயந்துவிடாதீர்கள். எல்லாப் பாடமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இப்படி ஒரு பாடத்திட்டம், இத்தனை விரிவுரையாளர்கள், இந்த ஆய்வுக்கூடம், இந்தப் பணம் என்று கல்லூரி முதலில் எழுதிக் கொடுக்கும். குறைந்தபட்சத் தரம் இருக்கிறது என்று முகமை ஒப்புக்கொண்டால், அமைச்சின் அனுமதியோடு மாணவர்களைச் சேர்க்கலாம். முதல் அணி மாணவர்கள் கடைசி வருடத்துக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஆட்கள் நேரில் வருவார்கள்.

ஆகவே நீங்கள் கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முதல் அணி இப்போது எந்த வருடத்தில் இருக்கிறது? முதல் வருடம் என்றால் பி.ஏ. இருப்பது இயல்பு. அவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், இன்னும் பி.ஏ.தான் என்றால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

பால்மரத்து மகன் | ஞாயிறு, காலை 7.30

நானும் தோட்டத்துப் பிள்ளைதான், லயத்து வீட்டில் வளர்ந்தவன். அக்கா, இடத்தையும் பாருங்கள். நான் கணினி டிப்ளோமா படித்த கல்லூரி இரண்டாம் வருடத்தில் எங்களை வேறு ஊரில் இருந்த கடைவீட்டு மாடிக்கு மாற்றியது. பட்டியலில் இருந்தது பழைய வளாகம். அங்கீகாரம் பாடத்துக்கும் அது நடக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. படித்து முடித்து அரசாங்க வேலைக்கு மனுப் போட்டபோதுதான் தெரிந்தது. கடன் மட்டும் இருந்தது. அப்பாவிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

பெயர் சொல்ல மாட்டேன். அந்தக் கல்லூரி இப்போது இல்லை.

சிப்புட் அம்மா | ஞாயிறு, காலை 8.02

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. இப்போது வேலை கிடைத்துவிட்டதா?

பால்மரத்து மகன் | ஞாயிறு, காலை 8.15

கிடைத்துவிட்டது அக்கா. திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. அங்கீகரித்த மையம் ஒன்றில் திரும்பவும் முதலிலிருந்து எஸ்.கே.எம்., அதாவது மலேசியத் திறன் சான்றிதழ், படித்தேன். அங்கே முறை வேறு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. வெளிச் சரிபார்ப்பு அதிகாரி என்று ஒருவர் மையத்துக்கு வந்து, பயிற்றுநர் போட்ட மதிப்பெண் சரிதானா என்று எங்கள் கோப்புகளைப் பிரித்துப் பார்ப்பார். என் வெல்டிங் வேலையை அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதல் கல்லூரியில் அப்படி ஒருவரும் என் வேலையைப் பார்த்ததில்லை.

கோலகங்சார் ரோடு | ஞாயிறு, காலை 11.20

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்தவள். மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு முந்தின வாரம் வேறு கிளையிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்து இறங்கியது. நான்தான் அடுக்கினேன். அவர்கள் போன மறுவாரம் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியதும் நான்தான். சோதனைக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் இருப்பார்கள், கோப்புகளைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி வந்தால் என்ன தெரியும்?

கிராணி மகள் | ஞாயிறு, மதியம் 12.48

மேலே எழுதியவர் சொன்னதைப் படித்ததும் எங்கள் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. என் அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். தொழிலாளர் இலாகா அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் லயத்துச் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், சாக்கடையைக் கழுவுவார்கள், ஆயாக்கொட்டகைத் தூளிக்குப் புதுத் துணி வரும். அதிகாரி வந்து, "குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்பார். பக்கத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நிற்பார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருவது அவர் எழுதிய கணக்கிலேயே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் எடுத்துக் காட்டவில்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

சோதனை தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை. சோதனை நாளில் வாயைத் திறக்க ஆள் வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.35

இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை செய்த காலத்தில் மதிப்பீட்டுக் குழுக்களில் போயிருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.க்யூ.ஏ., 2007 நவம்பர் 1 அன்று தொடங்கியது. சட்டம் 679. அதற்கு முன் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லான் என்ற வாரியம் தனியார் கல்லூரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எம்.க்யூ.ஏ. வந்த பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் அதே வரம்புக்குள் வந்தன.

குழுவில் வருகிறவர்கள் முகமையின் ஊழியர்கள் அல்லர். அதே துறையில் பாடம் நடத்துகிறவர்கள், தொழிலில் இருக்கிறவர்கள். தாதிமை என்றால் தாதிமை தெரிந்தவர்தான் வருவார். நாங்கள் போவதற்கு முன்பே கல்லூரி தன்னைப் பற்றித் தானே எழுதிய மதிப்பீட்டு அறிக்கை எங்கள் கைக்கு வந்துவிடும். ஏழு பகுதிகள்: பாடத்திட்டமும் கற்பித்தலும், தேர்வு முறை, மாணவர் சேர்க்கையும் உதவியும், விரிவுரையாளர்கள், வசதிகள், நிர்வாகம், பிறகு கண்காணித்துத் திருத்திக்கொள்ளும் முறை. முன்பு ஒன்பதாக இருந்தது, 2017 பதிப்பில் ஏழாக்கினார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் எப்போதும் முதலில் படிப்பேன். தன் குறையைத் தானே கண்டுபிடித்து எழுதத் தெரிந்த கல்லூரியை நம்பலாம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் எங்கே தோண்ட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

நூலகத்தில் வேலை செய்த தங்கச்சிக்கு: புத்தகம் வந்து போனதை நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் புத்தகத்தை மட்டும் பார்ப்பதில்லை, இரவல் பதிவையும் கேட்போம். ஒருவரும் எடுக்காத புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வு விடைத்தாள்களில் நன்றாக எழுதியது, நடுத்தரம், சுமார் என்று எடுத்துப் படிப்போம். இந்தப் பாடம் முடிந்தால் மாணவர் இதைச் செய்யத் தெரிந்திருப்பார் என்று பாடத்திட்டம் சொல்கிறது. கேள்வித்தாள் அதைக் கேட்டதா, மனப்பாடத்தை மட்டும் கேட்டதா என்பது விடைத்தாளில் தெரிந்துவிடும். விரிவுரையாளரின் நியமனக் கடிதத்தையும் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒரே பெயர் ஒரே திங்கட்கிழமை காலை 9 மணிக்கு இரண்டு அறைகளில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். டிப்ளோமாவுக்குப் பாடம் எடுக்கிறவருக்குக் குறைந்தது இளங்கலைப் பட்டம் இருக்க வேண்டும். பெயரை மட்டும் கடன் வாங்கிப் போடும் இடங்கள் இங்கேதான் மாட்டும்.

பிறகு மாணவர்களைச் சந்திப்போம். அந்த அறையில் விரிவுரையாளர் யாரும் இருக்கக் கூடாது. ஓரிடத்தில் எல்லாரும் "நல்லா இருக்கு சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மெலிந்த ஒரு பெண், தலையைக் குனிந்தபடி, செய்முறை வகுப்புக்கு ஒரே ஒரு பொம்மைதான், முப்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறோம், ஊசி போடும் முறையை நான் இதுவரை ஒருமுறைகூடச் செய்ததில்லை என்றாள். அதன் பிறகுதான் மற்றவர்களும் பேசினார்கள். அறிக்கையில் அதை எழுதினோம்.

முடிவெடுப்பது குழு இல்லை. நாங்கள் பரிந்துரைப்போம். அறிக்கையில் தகவல் பிழை இருந்தால் கல்லூரி சுட்டிக்காட்டலாம். அப்புறம் அது முகமையின் அங்கீகாரக் குழுவுக்குப் போகும். கொடுக்கலாம், நிபந்தனையோடு கொடுக்கலாம், மறுக்கலாம். அந்தப் பெண் சொன்ன விஷயம் நிபந்தனையாக வந்தது. கல்லூரி கருவிகளை வாங்கியது.

சிப்புட் அம்மா | ஞாயிறு, இரவு 8.20

ஐயா, அந்தப் பெண்ணின் பெயர் கெட்டுப்போகவில்லையா? சொன்னதால் பாடத்தை மூடிவிட்டால் அவள் படிப்பும் சேர்ந்து போயிருக்குமே.

பால்மரத்து மகன் | ஞாயிறு, இரவு 8.44

இதே பயத்தில்தான் நானும் வாயைத் திறக்கவில்லை அக்கா. கடைவீட்டு மாடிக்கு மாற்றியபோது சிலர் எழுதிப் போடலாம் என்றார்கள். சீனியர் ஒருவர், "எழுதினால் அங்கீகாரம் போய்விடும், நம் சர்டிபிகேட்தான் குப்பைக்குப் போகும்" என்றார். எல்லாரும் அடங்கிவிட்டோம். கடைசியில் எழுதாமலேயே போய்விட்டது.

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.30

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பெயர் வெளியே போகாது. யார் சொன்னார் என்று அறிக்கையில் எழுதுவதில்லை. 'மாணவர்கள் தெரிவித்தனர்' என்றுதான் இருக்கும்.

மூடிவிடுவார்கள் என்ற பயத்தைப் பற்றி: ஒரு குறை தெரிந்தவுடன் அங்கீகாரத்தைப் பறிப்பதில்லை. காலக்கெடு கொடுத்துத் திருத்தச் சொல்வதுதான் வழக்கம். பறிக்க வேண்டும் என்றாலும் கல்லூரிக்கு அறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும், சட்டமே அப்படித்தான். முழு அங்கீகாரம் பெற்ற பாடங்கள் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து என்பதும், நின்றுபோயிருந்தால் எப்போது நின்றது என்பதும் அதில் இருக்கும். வாய்மூடி இருக்கும் மாணவருக்குத்தான் ஆபத்து அதிகம். குறை அப்படியே வளர்ந்து, ஒருநாள் கல்லூரி தானாகவே விழுந்துவிடும். பால்மரத்து மகன் தம்பிக்கு நடந்தது அதுதான்.

நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். பெரியவர்கள் எதிரில் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம். அதிகாரி கேட்கும்போது உள்ளதைச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது என்பதையும் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

விரிவுரை மேசை | ஞாயிறு, இரவு 10.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் ஐந்து வருட இடைவெளி என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

முழு அங்கீகாரம் வாங்கிவிட்டால் முடிந்தது என்று இல்லை. ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இணக்க மதிப்பீடு நடக்கும். அதுவரை தரத்தை வைத்திருந்தோமா என்று பார்ப்பார்கள். நடுவில் கல்லூரியே தன் பாடத்தை மீளாய்வு செய்ய வேண்டும், வெளியிலிருந்து ஒரு தேர்வாளரோ ஆலோசகரோ வந்து கருத்து எழுத வேண்டும். இவை எல்லாம் பதிவாக இருக்க வேண்டும், அடுத்த முறை வருகிறவர் முதலில் கேட்பதே அந்தப் பதிவுகளைத்தான். தன் பாடத்துக்குத் தானே அங்கீகாரம் கொடுத்துக்கொள்ளும் உரிமை மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றுக்கு 2010 முதல் கிடைத்தது. அவற்றையும் முகமை தணிக்கை செய்கிறது.

நேரக் கணக்கும் இருக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் படிக்க வேண்டும், வகுப்பு, செய்முறை, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம். கல்லூரி வகுப்பை ரத்து செய்துகொண்டே போனால் இந்தக் கணக்கு உடையும். உங்கள் மகள் ரத்தான வகுப்புகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும், அது சாட்சி.

தாதிமைக்கு இன்னொரு கண் இருக்கிறது: மலேசியத் தாதியர் வாரியம். வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு செய்தால்தான் நர்ஸாக வேலை செய்யலாம். பொறியியலுக்குப் பொறியியல் அங்கீகார மன்றம் இருக்கிற மாதிரி. அதனால் எம்.க்யூ.ஏ. பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா, மருத்துவமனைப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்றும் கேளுங்கள்.

கோலகங்சார் ரோடு | திங்கள், காலை 6.50

இரவல் பதிவைப் பற்றி ஐயா சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். அப்போது அந்தப் பதிவை வைத்திருந்ததும் நான்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. ஆனால் நானாகப் போய்ச் சொல்லியிருக்கலாம், கதவு அவ்வளவு தூரத்தில் இல்லை. இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, ஆனால் அந்தப் பெட்டிகளை அடுக்கியதில் என் பங்கும் உண்டு.

கிராணி மகள் | திங்கள், காலை 7.15

என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்திருப்பார் அக்கா.

சிப்புட் அம்மா | வியாழன், இரவு 9.05

எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மகளும் நானும் உட்கார்ந்து முகமையின் இணையப் பக்கத்தில் தேடினோம். முழு அங்கீகாரப் பதிவேட்டில் அந்தப் பாடம் இல்லை. தற்காலிகப் பட்டியலில் இருந்தது, தேதியும் இருந்தது. கொடுத்திருந்த முகவரி ஏஜெண்டு சொன்ன ஊர்தான். அந்த ஒன்றில் மனசு கொஞ்சம் லேசானது.

நேற்று மாலை ஏஜெண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். நான் பேசுவதற்குள் மகளே கேட்டாள்: அண்ணே, முதல் அணி இப்போது எந்த வருடம்? வாரியத்தின் ஒப்புதல் கடிதத்தைப் பார்க்கலாமா? பயிற்சி எந்த மருத்துவமனையில்? செய்முறை அறையில் எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை? அவள் குரல் நடுங்கியது, ஆனால் நாலையும் கேட்டுவிட்டாள். என் கணவர் லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டார்.

முதல் அணி இரண்டாம் வருடத்தில் இருக்கிறது என்றார். மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். மற்ற இரண்டையும் கல்லூரியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். 500 வெள்ளி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மகள் அரசாங்கப் பயிற்சிக் கல்லூரிக்கும் மனுப் போட்டுவிட்டாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | வியாழன், இரவு 9.22

கடிதம் வந்தால் தேதியைப் பாருங்கள் அம்மா. மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

செம்பனை 2 | வெள்ளி, காலை 5.58

முதல் முறை எழுதுகிறேன். லாபிஸ் பக்கம். தம்பிக்கு ஒரு டிப்ளோமா இடம் வந்திருக்கிறது. எண்ணில் ஆர், 4, அடைப்புக்குள் ஏ. கடைசியில் இருக்கும் மாதம் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்?

விரிவுரை மேசை | வெள்ளி, காலை 6.30

முழு அங்கீகாரம் பெற்ற பழைய பாடம். ஆனால் அமைச்சின் அனுமதி முடிந்த தேதியைத்தான் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். புதுப்பித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.